கழுத்தில் தொடங்கும் ஆடை



கையோடு இரண்டு ஸ்வெட்டர்கள் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று முடிந்தது, ஒன்று பாதியில் நிற்கிறது. முன்வரிசையில் இருப்பவர்கள் பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்புங்கள். பாதியில் நிற்பதை மட்டும் கொஞ்சம் பதமாகப் பிடியுங்கள். அதன் வளையங்கள் இன்னும் ஊசியில்தான் இருக்கின்றன. முடிந்ததை உள்பக்கம் திருப்பித் தோளையும் விலாவையும் தடவிப் பாருங்கள். தையல் எங்கேயும் அகப்படாது. அது கழுத்தில் தொடங்கியது. தோளாக விரிந்து, மூன்று குழாய்களாகப் பிரிந்து, இடுப்பிலும் இரண்டு மணிக்கட்டிலும் முடிந்தது. துண்டு என்று எதையும் தனியாகப் பின்னவில்லை. ஆகவே சேர்த்துத் தைக்கவும் ஒன்றுமில்லை.

இந்த முறையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். மேலிருந்து தொடங்குவது என்றுதான் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். எனக்கோ இது எங்கே தொடங்குகிறது என்பதைவிட எங்கே முடிகிறது என்பதுதான் பெரிதாகப் படுகிறது. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல். நம்மிடையே சடையும் பின்னல், கூடையும் பின்னல், வலையும் பின்னல். நான் சொல்வது ஊசிகளால் கம்பளி நூலை வளையத்துக்குள் வளையமாகக் கோத்து வாங்கும் வேலை. அந்த வளையத்தைக் ‘கண்ணி’ என்று சொல்லப்போகிறேன். எனக்குக் கற்றுத்தந்தவர்கள் ‘ஸ்டிச்’ என்றார்கள். ஸ்டிச் என்றால் தையல் என்றும் ஆகிவிடும். தையல் இல்லாத ஆடையைப் பேச வந்த இடத்தில் அது குழப்பும்.

நான் வளர்ந்தது ஊட்டியில். ஜனவரிக் காலையில் புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடக்கும். பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குப் பின்னல் வகுப்பு இருந்தது. அங்கே கற்றுத்தந்த ஒழுங்கு ஒன்றே ஒன்றுதான்: முதுகு ஒரு துண்டு, மார்பு ஒரு துண்டு, கை இரண்டு துண்டு. நான்கையும் கீழ்விளிம்பில் தொடங்கி மேல்நோக்கித் தட்டையாகப் பின்ன வேண்டும். ஆவி காட்டி, குண்டூசி குத்தி, அளவு சரிபார்த்து, கடைசியில் மழுங்கிய ஊசியால் சேர்த்துத் தைக்க வேண்டும். நாற்பது வருஷம் நானும் அப்படித்தான் பின்னினேன். வேறு வழி இருக்கும் என்று யோசித்ததுகூட இல்லை.

பேரனுக்கு ஆறு வயதானபோது ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். மகள் வெளியூரில் இருந்தாள். அளவை ஃபோனில் சொன்னாள், குறித்துக்கொண்டேன். இரண்டு மாதம் பின்னி, ஒரு வாரம் தைத்து, விடுமுறைக்கு வந்த பிள்ளைக்குப் போட்டுவிட்டால் கை மணிக்கட்டுக்கு மூன்று விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. அவன் குறை சொல்லவில்லை. விரல்களால் கைநுனியைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே, “நல்லாத்தான் இருக்கு பாட்டி” என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. கையை நீட்டிவிடலாம் என்று அன்று இரவே உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது. அந்தக் கை மணிக்கட்டில் தொடங்கித் தோளில் முடிந்திருந்தது. முடிந்த முனை தோள் தையலுக்குள் போய் மறைந்துவிட்டது. எனக்கு நீட்ட வேண்டிய இடமோ தொடக்கத்தில் இருந்தது.

பின்னாதவர்களுக்காக இதை விளக்க வேண்டும். நெய்த துணியில் வெட்டிய எந்த ஓரத்திலிருந்தும் நூலை உருவலாம். பின்னல் அப்படியில்லை. கடைசியாகப் பின்னிய கண்ணியிலிருந்து நூலை இழுத்தால் வரிசை வரிசையாக ஓடிவரும். ஐந்து நிமிடத்தில் ஒரு கையே நூலாகிவிடும். தொடங்கிய விளிம்பிலிருந்து இழுத்தால் வராது. ஒவ்வொரு கண்ணியிலும் நூல் மாட்டும். அதன் நீளம் முழுவதையும் ஒவ்வொரு கண்ணிக்குள்ளிருந்தும் வெளியே இழுத்தெடுக்க வேண்டும். தொடங்கிய இடம் பூட்டு, முடித்த இடம் கதவு என்று என் மாணவிகளுக்குச் சொல்வேன். பள்ளியில் எனக்குக் கற்றுத்தந்த முறையில் கதவெல்லாம் கழுத்திலும் தோளிலும் இருந்தது. அங்கே யாருக்கும் திறக்கத் தேவையில்லை. குழந்தை வளரும்போது நீட்ட வேண்டியதும், நூல் நைந்து பிரிந்துபோவதும் மணிக்கட்டிலும் இடுப்பிலும்.

கடைசியில் மணிக்கட்டுப் பட்டியின் நடுவே ஓர் இழையை வெட்டி, அந்த வரிசைக் கண்ணிகளை ஊசியில் பிடித்துக் கீழ்நோக்கிப் பின்னி முடித்தேன். இப்படி எதிரெதிர்த் திசையில் வரும் கண்ணிகள் சந்திக்கும் இடத்தில் வரிசை அரைக் கண்ணி தள்ளி நிற்கும். எவ்வளவு கெட்டிக்காரர் பின்னினாலும் தள்ளித்தான் நிற்கும். வளையத்தின் அமைப்பு அப்படி. வெற்றுப் பின்னலில் அது கண்ணுக்குத் தெரியாது. ‘ரிப்’ என்கிற மேடுபள்ளப் பட்டியில் கோடு விலகியிருப்பது பளிச்சென்று தெரியும். அவன் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு திரிந்த வருஷம் முழுக்க என் கண் அந்த இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

பிறகுதான் தேடிப் படித்தேன். படித்ததில் முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியவர்கள் மீனவக் குடும்பத்துப் பெண்கள். பிரிட்டனின் கடற்கரை ஊர்களில், கார்ன்வாலிலிருந்து ஸ்காட்லாந்து வரை, மீன்பிடிக்கப் போகிறவர்கள் அணிந்தது ‘கான்சி’ என்னும் கருநீலக் கம்பளிச் சட்டை. முறுக்கேறிய ஐந்து புரி நூல், மெல்லிய எஃகு ஊசிகள், காற்று நுழையாத அளவுக்கு நெருக்கமான பின்னல். உடலைக் கீழிருந்து வட்டமாகப் பின்னிக்கொண்டு போவார்கள். அக்குளில் சாய்சதுரமாக ஓர் ஒட்டுத் துண்டு அதே பின்னலில் வளரும். வலை இழுக்கக் கையைத் தூக்கும்போது சட்டை மேலே ஏறாமல் அது பார்த்துக்கொள்ளும். கைக்கு வரும்போது திசையை மாற்றிவிடுவார்கள். தோளோரத்தில் கண்ணிகளை எடுத்து, மணிக்கட்டை நோக்கிக் கீழே பின்னுவார்கள். கயிறும் உப்புநீரும் முதலில் தின்பது கைநுனியைத்தான். நைந்த பகுதியைப் பிரித்தெறிந்துவிட்டுப் புது நூலில் மறுபடி பின்னிக்கொள்ள வேண்டுமானால் கதவு மணிக்கட்டில் இருக்க வேண்டும். நான் அறுபது வயதில் கண்டதை அந்தப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்தார்கள்.

கையில் மட்டும் செய்த அந்த மாற்றத்தை ஆடை முழுவதற்கும் செய்தால் என்ன ஆகும்? இப்போது உங்களிடையே சுற்றிவரும் ஸ்வெட்டர்தான் ஆகும். அதன் கணக்கைச் சொல்கிறேன். எளிய கூட்டல் கழித்தல்தான். தாள் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி அளக்க வேண்டும். என் நூலுக்கும் ஊசிக்கும் 10 செ.மீ. அகலத்தில் 20 கண்ணி, 10 செ.மீ. உயரத்தில் 28 வரிசை வந்தது. பிள்ளைக்கு மார்பு 60 செ.மீ.; உள்ளே சட்டை போட இடம் விட்டு 66 என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் மார்புச் சுற்றுக்கு 132 கண்ணி. கழுத்துக்கு 36 செ.மீ., அதாவது 72 கண்ணி. இந்த 72-ஐ முன்பக்கம் 26, முதுகு 26, கை பத்துப் பத்து என்று பிரித்து, நான்கு எல்லைகளிலும் ஓர் அடையாள வளையம் மாட்டினேன். பிறகு ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, அந்த நான்கு எல்லைகளின் இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணி கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு தடவைக்கு எட்டுக் கண்ணி. 17 தடவை கூட்டினால் 34 சுற்று, சுமார் 12 செ.மீ. ஆழம். முன்பக்கமும் முதுகும் 60 ஆகியிருக்கும், கைகள் 44 ஆகியிருக்கும்.

இப்போது பிரிவினை. கைகளின் 44 கண்ணிகளையும் மிச்ச நூலில் கோத்து ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த இடைவெளியில் அக்குளுக்கு ஆறு ஆறு கண்ணிகள் புதிதாக ஏற்றி, முன்னையும் பின்னையும் ஒரே வட்டமாக்கிவிட வேண்டும். அறுபதும் அறுபதும் பன்னிரண்டும் 132. கணக்கு சரியாக வந்து உட்காரும். அங்கிருந்து இடுப்புவரை கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. டிவி பார்த்துக்கொண்டே பின்னலாம். உடல் முடிந்ததும் ஒதுக்கி வைத்த 44-ஐ எடுத்து, அக்குளின் ஆறையும் சேர்த்து 50 கண்ணியில் கை கீழே இறங்கும்.

இந்தக் கணக்கைவிட முக்கியம், அக்குளுக்கு வந்து சேரும் அந்த நாள். ஊசியிலிருந்து கண்ணிகளை ஒரு நீள நூலுக்கு மாற்றிவிட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுத் தலைவழியே போட்டுவிடலாம். தோளில் இறுக்கமா, கழுத்தில் தலை நுழைகிறதா, அக்குள் பிடிக்கிறதா என்று அவனே சொல்வான். ஆழம் போதாவிட்டால் இன்னும் நாலு சுற்று. அதிகமானால் நாலு சுற்றைப் பிரிப்பது, அவ்வளவுதான். நான் முன்பு பின்னிய ஸ்வெட்டர்களில் தைத்து முடித்த நாளன்று ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தோம். இதில் எட்டுப் பத்துத் தடவை போட்டுப் பார்க்கிறோம். மாதிரித் துண்டில் 20 கண்ணி என்று எண்ணியது நிஜத்தில் 19 என்று ஆகிவிட்டால் அதே 132 கண்ணி 66 செ.மீ.க்குப் பதிலாக 69½ வரை போகும். பெரியவர்களுக்கு 200 கண்ணி போட்டிருந்தால் ஐந்து செ.மீ. கூடிவிடும். ஒரு கண்ணி வித்தியாசம் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கவலையோடு பின்னும் நாளில் கை இறுகும், நிம்மதியான நாளில் தளரும். தாளில் இருக்கும் எண்ணுக்கு அது தெரியாது. போட்டுப் பார்க்கிற உடம்புக்குத் தெரியும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நான் சொன்னபடியே அச்சாகப் பின்னினால் கழுத்து முன்னால் தொண்டையை அழுத்தும், பிள்ளை இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பான். மனிதக் கழுத்து முன்னால் தாழ்ந்தும் பிடரியில் உயர்ந்தும் இருக்கிறது. ஆகவே பிடரிப் பக்கம் மட்டும் சில வரிசைகள் கூடுதலாக வேண்டும். சுற்று முழுவதும் போகாமல், முதுகுப் பகுதியில் மட்டும் போய்த் திரும்பி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் தூரம் போய்த் திரும்ப வேண்டும். இதைக் குறுவரிசை என்று சொல்லித்தருகிறேன். பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று செ.மீ. போதும். மேலிருந்து பின்னிய ஸ்வெட்டர் சரியாக உட்காரவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் நான் பார்க்கும் இடம் பிடரிதான்.

கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக இறங்கும் அந்த நான்கு கோடுகளுக்கு ரேக்லன் என்று பெயர். வாட்டர்லூ போரில், 1815-இல், வலக்கையை இழந்த ஆங்கிலத் தளபதி ரேக்லன் பிரபுவின் பெயர் அது. அவருக்கு வசதியாக அமைத்த கோட்டின் கை என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அவர் பின்னாளில் தலைமை தாங்கிய கிரிமியப் போரிலிருந்துதான் முன்பக்கம் திறந்த ஸ்வெட்டருக்குக் கார்டிகன் என்ற பெயரும், நம் ஊட்டிக் குளிரில் தாத்தாக்கள் தலையில் மாட்டும் குல்லாய்க்குப் பாலக்லாவா என்ற பெயரும் வந்தன.

இவ்வளவு இயல்பான வழி இருக்க, எங்களுக்கு ஏன் துண்டு துண்டாகக் கற்றுத்தந்தார்கள்? ஐரோப்பாவில் கையால் பின்னியவர்கள் காலுறையையும் குல்லாயையும் நாலைந்து ஊசிகளில் வட்டமாகத்தான் பின்னினார்கள். 1589-இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ அமைத்த காலுறைச் சட்டகம் தட்டையாகப் பின்னியது. தட்டையாக வந்ததைச் சுருட்டித் தைக்க வேண்டியதாயிற்று. இயந்திரத்துக்கு அது கட்டாயம், கைக்குக் கட்டாயமில்லை. அச்சிட்ட பின்னல் குறிப்புகள் பெருகியபோது அவை தையற்காரரின் வரைபடத்தைப் பின்பற்றின என்பது என் எண்ணம். தையற்காரர் கையில் இருப்பது நெய்து முடிந்த துணி. அவர் வெட்டித்தான் ஆக வேண்டும். பின்னுகிறவள் கையில் இருப்பது நூல். துணியும் உருவமும் அவள் ஊசியில் ஒரே சமயத்தில் பிறக்கின்றன. வெட்டிய துணியின் உருவத்தைப் பார்த்து நூலைப் பின்னச் சொன்னதில்தான் எங்கள் நாற்பது வருஷம் போயிற்று.

இதை உரக்கச் சொன்னவர்களில் முதலில் எலிசபெத் ஜிம்மர்மன். 1910-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1937-இல் கணவரோடு அமெரிக்கா போய், விஸ்கான்சினில் வாழ்ந்தவர். தையலை அவருக்குப் பிடிக்காது. கம்பியால் இணைத்த வட்ட ஊசியில் முழு ஸ்வெட்டரையும் பின்ன வழி வகுத்தார். 1950-களில் ஒரு பத்திரிகைக்கு வட்டமாகப் பின்னும் குறிப்பு எழுதி அனுப்பினார். அவர்கள் அதைத் தட்டைப் பின்னலாக மாற்றி அச்சிட்டார்கள். அதன் பிறகு தன் குறிப்புகளைத் தானே அச்சிட்டு அஞ்சலில் அனுப்பத் தொடங்கினார். அவருடைய ‘நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்’ 1971-இல் வந்தது. மார்புக்கான கண்ணி எண்ணிக்கையை நூறு சதவீதம் என்று வைத்து மற்ற எல்லா அளவையும் அதிலிருந்து எடுக்கும் கணக்கு அவர் தந்தது. ஆனால் அவர் பெரும்பாலும் கீழிருந்து மேலே போகிறவர்.

திசையைத் திருப்பி முழுப் புத்தகமாகவே எழுதியவர் பார்பரா வாக்கர். பின்னல் வடிவங்களை நூற்றுக்கணக்கில் திரட்டி 1968-லும் 1970-லும் தடித்த தொகுப்புகள் வெளியிட்டவர் அவர். 1972-இல் ‘நிட்டிங் ஃப்ரம் த டாப்’ என்ற நூலைக் கொண்டுவந்தார். மேலிருந்து பின்னுவதை அவர்தான் கண்டுபிடித்தார் என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன்பும் பின்னியிருக்கிறார்கள். பாவாடை, கால்சட்டை, தொப்பி, தோளில் பொருந்தி நிற்கும் கை என்று எதையெல்லாம் முடியாது என்றார்களோ அதையெல்லாம் மேலிருந்து பின்னிக் காட்டியது அவர். எனக்கு அந்த நூலில் மிகவும் பிடித்தது, கண்ணி எண்ணிக்கையைக் கட்டளையாகத் தராமல் போட்டுப் பார், அளந்து பார், நீயே முடிவு செய் என்று படிப்பவரை அழைத்துக்கொண்டு போகும் விதம். பிற்பாடு அந்த நூலை மறுபதிப்புச் செய்தது ஜிம்மர்மன் தொடங்கிய பதிப்பகம்தான். எதிர்த்திசையில் பின்னிய இருவரும் அப்படி ஒரே வீட்டில் வந்து சேர்ந்தார்கள்.

தையல் இல்லாத ஆடை இப்போது இயந்திரத்திலும் உண்டு. ஜப்பானின் ஷிமா செய்கி நிறுவனம் 1995-இல் முழு ஸ்வெட்டரையும் ஒரே மூச்சில் பின்னும் இயந்திரத்தைக் காட்டியது. நம் திருப்பூரில் வட்ட இயந்திரம் துணியைக் குழாயாகவே தருவதால் விலாத் தையல் இல்லாத பனியன் வருகிறது. தோளையும் கையையும் மட்டும் வெட்டித் தைப்பார்கள். அந்த உலகம் பெரியது. அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள்.

ஓர் ஓவியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஓவியக்கூடத்தில் இருக்கிறது. 1400-ஐ ஒட்டி மாஸ்டர் பெர்ட்ராம் வரைந்த பலிபீட ஓவியத்தில் ஒரு பகுதி. வீட்டுக்குள் மரியாள் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கிறாள். நான்கு ஊசிகள், வட்டப் பின்னல், ஒரு சின்னச் சட்டை. கழுத்தில் வேலை நடக்கிறது. பக்கத்தில் தரையில் குழந்தை இயேசு, புத்தகத்தோடு. சிலுவையும் ஈட்டியும் ஏந்திய தேவதூதர்களைத் திரும்பிப் பார்க்கிறான். தாய்க்கோ கவனம் கண்ணியில். இயேசு சிலுவையில் அறையப்பட்டபோது அவருடைய அங்கியில் தையல் இல்லை என்றும், அது மேலிருந்து ஒரே துணியாக நெய்யப்பட்டிருந்தது என்றும், அதனால் போர்வீரர்கள் அதைக் கிழிக்க மனமில்லாமல் சீட்டுப் போட்டார்கள் என்றும் யோவானின் சுவிசேஷம் 19-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதில் வருவது தறியில் நெய்த அங்கி. பெர்ட்ராம் தன் காலத்துப் பெண்கள் கையில் கண்ட ஊசிகளை வரைந்துவிட்டார். மரியாள் குழந்தைக்குச் செய்த அந்த ஆடை அவன் வளர வளரத் தானும் வளர்ந்தது என்று ஒரு பழைய நம்பிக்கையும் கிறிஸ்தவர்களிடையே உண்டு. படத்தை முதலில் பார்த்த அன்று அந்த நம்பிக்கையை வெறும் அற்புதக் கதையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. குழந்தைக்குப் பின்னுகிற எந்தத் தாயும் வேண்டிக்கொள்வது அதைத்தானே?

இந்த முறைக்குக் குறைகள் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். தையல் ஒரு முதுகெலும்பு போல ஆடையைத் தாங்கும். கனமான நூலில் தையலில்லாமல் பின்னினால் தொங்கத் தொங்க நீண்டுவிடும். கையைப் பின்னும்போது முழு ஸ்வெட்டரும் மடியில் சுற்றிச் சுற்றி வரும். துண்டு என்றால் பேருந்தில்கூடப் பின்னலாம். சரிந்த தோள் உள்ளவர்களுக்கு ரேக்லன் அக்குளில் மடிந்து நிற்கும். அவர்களுக்கு வாக்கர் சொன்னபடி தோளிலிருந்து உடலைப் பின்னி, கைத்துளையைச் சுற்றிக் கண்ணி எடுத்து, குறுவரிசைகளால் தோளுருண்டையைச் செய்வதுதான் நல்லது. வளர்ந்து முடிந்த, உடம்பு மாறாத ஒருவருக்கு எந்தத் திசையில் பின்னினாலும் எனக்கு மறுப்பில்லை. குழந்தைக்கு என்றால் மேலிருந்துதான்.

இப்போது கடைசி வரிசையில் இருப்பவர்கள் கைக்கு வந்திருக்கும் முடிந்த ஸ்வெட்டர், அந்தப் பேரனுக்கே இரண்டாவதாகப் பின்னியது. அவன் மூன்று குளிர்காலம் போட்டான். ஒவ்வொரு டிசம்பரிலும் கைநுனியின் பட்டியைப் பிரித்து இரண்டு செ.மீ. கூட்டிப் பின்னினேன், இடுப்பிலும் அப்படியே. பிரித்த நூல் நெளிநெளியாக இருக்கும். என் அம்மா செய்ததுபோல நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நனைத்து, அடியில் ஒரு சின்னக் கனம் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் நேராகிவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் கையில் இரண்டு இடங்களில் நிறம் ஒரு சாயல் மாறுவது தெரியும். கண்ணி ஒன்றுகூட விலகவில்லை, ரிப் நேராக ஓடுகிறது. அவனுக்குப் போதாமல் போனபின் அவன் தங்கைக்கு வந்தது. அவளுக்காகக் கையைக் கொஞ்சம் குறைத்தேன். இன்றைக்கு எடுத்துவரக் கேட்டபோது, திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் தந்தாள்.

யாராவது இன்று வீட்டுக்குப் போய்த் தொடங்குவதாக இருந்தால் ஒரு வேலை மட்டும் மறக்காதீர்கள். கைநுனியை முடிக்கும்போது நூலை ஒட்ட நறுக்கிவிடாமல் ஒரு முழம் விட்டு, உள்பக்கம் பட்டிக்குள் இழையோட்டி மறைத்துவையுங்கள். எந்த இடம் என்று நினைவிருக்க வேண்டும். நான் எப்போதும் சுண்டுவிரல் பக்கம் வைப்பேன். அதே நூலில் ஒரு சின்ன உருண்டையும் மிச்சம் பிடித்து, வேப்பிலையோடு ஒரு துணிப்பையில் கட்டி, பிள்ளையின் பெயரை எழுதி அலமாரியில் போட்டுவையுங்கள்.